'நில்' (பதிவு ஏதுமில்லை) ஈ.சி.யைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்: சேலத்தில் கடை, கிடங்கு வாங்குபவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுத் தொழில். இருபது வருஷம் வாடகைக் கடையிலேயே ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு கட்டடம் பார்க்கலாம் என்று இறங்கினோம். புரோக்கர் ஓர் இடம் காட்டினார். கீழே இரண்டு கடை, மேலே பட்டறை போடத் தோதான மாடி. விற்பவர் முப்பது வருஷ வில்லங்கச் சான்றை (ஈ.சி.), அதாவது அந்த இடத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியலை, எடுத்து நீட்டினார். அண்ணன் தம்பி மூவர் செய்துகொண்ட ஒரு பாகப்பிரிவினையைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. நாலு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். கொடுத்த பிறகுதான் பேப்பர்களைத் தேட ஆரம்பித்தேன். அந்தப் பணம் தவணை தவணையாகத் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

நான் வக்கீல் இல்லை. அடுத்த இடத்தை வாங்கும்போது எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் கேட்டேனோ, அதை மட்டும் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பதிவுத் துறையில் இருப்பது பத்திரங்களின் கதை, வருவாய்த் துறையில் இருப்பது நிலத்தின் கதை. இரண்டும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றனவா என்று ஒத்துப்பார்க்கும் வேலையை எந்த அலுவலகமும் உங்களுக்காகச் செய்யாது.

1. முதலில் எண்களைச் சேகரியுங்கள்

கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரும்போதே ஒரு நோட்டில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பழைய சர்வே எண், உட்பிரிவு எண், நகர அளவை நடந்த பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவையில் கொடுத்த எண்), பழைய கதவு எண், புதிய கதவு எண், சொத்துவரி எண், மின் இணைப்பு எண்.

எதற்கு இத்தனை? சேலம் மாநகராட்சி 1994-இல் உருவானது. அதற்கு முன் சுற்றுக் கிராமங்களாக இருந்த பல இடங்களில் பழைய பத்திரம் கிராம சர்வே எண்ணைச் சொல்லும், புதிய பத்திரம் டி.எஸ். எண்ணைச் சொல்லும், நடுவில் எழுதிய ஏதோ ஒரு பத்திரம் கதவு எண்ணை மட்டும் சொல்லும். மூன்றும் ஒரே இடம்தானா என்பதற்கு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டு விவரத்தைத் தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். இது கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால், பக்கத்து இடத்தின் வில்லங்கத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அளவையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள். பத்திரம் சதுர அடியிலோ சென்டிலோ பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2 ஏர் என்று இருந்தால் பட்டாவில் கிட்டத்தட்ட 250 சதுர அடி குறைகிறது. கடைத்தெருவில் அது ஒரு சின்னக் கடைக்குச் சமம்.

2. வில்லங்கச் சான்று: நீங்கள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும்

பதிவுத் துறையின் இணையதளத்தில் ஈ.சி.யைக் காசில்லாமல் பார்க்கலாம். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கணினியில் இருக்கிறது. அதற்கு முந்தையதற்குக் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். வங்கிக்கோ கோர்ட்டுக்கோ வேண்டுமென்றால் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் எடுங்கள். பதிவுகள் இருந்தால் படிவம் 15, ஒன்றுமே இல்லையென்றால் படிவம் 16. இந்தப் படிவம் 16-ஐத்தான் 'நில் ஈ.சி.' என்று பெருமையாகக் காட்டுவார்கள்.

நில் என்று வந்தால் 'இந்த அலுவலகத்தில், இந்த எண்ணில், இந்தக் காலத்தில் பதிவு எதுவும் இல்லை' என்று மட்டும்தான் பொருள். சிக்கிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

எண்ணில்: உட்பிரிவு 45/2ஏ என்று போட்டுத் தேடினால், அது பிரிவதற்கு முன் 45/2 என்றோ வெறும் 45 என்றோ எழுதிய அடமானம் வராமல் போகலாம். தாய் எண்ணிலும் தேடுங்கள். நூறு, இருநூறு பதிவுகள் வந்து கொட்டும். பொறுமையாக ஒவ்வொன்றின் சொத்து விவரத்தையும் படித்து, நம் இடத்துக்குச் சம்பந்தமில்லாததை அடித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

அலுவலகத்தில்: ஒரு கிராமம் இன்றைக்கு எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறதோ அங்கேயேதான் முப்பது வருஷம் முன்பும் இருந்தது என்று நினைக்காதீர்கள். எல்லைகளை மாற்றியிருக்கிறார்கள். எந்த வருஷம் வரை எந்த அலுவலகம் என்று கேட்டு, காலத்தைத் துண்டு போட்டு ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள்.

புத்தகத்தில்: அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. ஈ.சி. அதிலிருந்து வருவது. உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் அது 3-ஆம் புத்தகத்தில் இருக்கும், ஈ.சி.யில் தலைகாட்டாது. பதிவே செய்யாத உயிலும் சட்டப்படி செல்லும். ஆகவே சொத்து ஒருவர் இறந்து அடுத்தவருக்கு வந்திருந்தால், 'அப்பா ஏதாவது எழுதி வைத்தாரா?' என்று நேராகவே கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும்.

3. பத்திர நகல்களை வரிசையாக அடுக்குங்கள்

ஈ.சி.யில் வருவது சுருக்கம். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதில் உள்ள ஒவ்வொரு ஆவண எண்ணுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஓர் ஆவணத்துக்குச் சில நூறு ரூபாய் ஆகும். விற்பவர் தரும் ஜெராக்ஸோடு அந்த நகலை வரி வரியாக ஒப்பிடுங்கள்.

தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்றுவரை யாரிடமிருந்து யாருக்கு, எந்த வகையில், எவ்வளவு பரப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிரையம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), எதுவானாலும் ஒவ்வொரு கண்ணியிலும் கொடுத்தவர் பெயரும் அதற்கு முந்தைய கண்ணியில் வாங்கியவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தை, குறிப்பாகப் பாருங்கள். வடக்கே 'பொதுச் சந்து' என்று 1960-களின் பத்திரத்தில் இருந்தது, இப்போதைய பத்திரத்தில் 'நம்முடைய பாத்தியச் சந்து' என்று மாறியிருந்தால், நடுவில் யாரோ பேனாவிலேயே சந்தை வாங்கியிருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை போன்ற நெரிசலான பகுதிகளில் பொதுச்சுவர், பொதுக் கிணறு, மாடிப்படி பாத்தியம் எல்லாம் பத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும்.

பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படிக்கத் தெரியாமல் நான் தவித்தேன். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தால் போதும், அரை மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சண்டையைப் பத்திரத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்.

பவர் பத்திரத்தின் பேரில் ஒருவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். அவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்தது. வேறு சமாதானம் எதையும் ஏற்காதீர்கள்.

4. வாரிசுகளை எண்ணுங்கள் (நான் விழுந்த குழி)

எங்களுக்கு விற்க வந்தவரின் தாத்தா அந்த இடத்தைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியவர். 1984-இல் உயில் எழுதாமல் காலமானார். 1996-இல் மகன்கள் மூவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம், ஈ.சி., பட்டா எல்லாம் ஒத்துப்போயின. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கியபோதுதான் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது. ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்த மகள்.

புரோக்கர் உடனே சொன்ன பதில்: "அது 89-க்கு முந்திக் கல்யாணம் ஆன பொண்ணுங்க, பங்கு கிடையாது." இதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ! கவனியுங்கள். 1989 மார்ச் 25 என்ற அந்தத் தேதி, தமிழ்நாட்டுத் திருத்தத்தில் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்துக்காக வந்தது. அந்தப் பேச்சும்கூட 2005 மத்தியத் திருத்தத்துக்கும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு பெரும்பாலும் பழைய கதையாகிவிட்டது. ஓர் இந்து ஆண் சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயிலில்லாமல் விட்டுப் போனால், மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 முதலே உண்டு. அந்த அம்மா கையெழுத்துப் போடாத பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தர மறுத்தார். தப்பு அவர் பேரில் இல்லை.

ஆகவே, தொடரில் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இரண்டும் வேண்டும். அதோடு அந்தக் குடும்பத்தை அறிந்த அக்கம்பக்கத்தாரிடமும் விசாரியுங்கள். இரண்டாம் தாரம் இருந்ததா என்பதை எந்தச் சான்றிதழையும்விட எதிர்வீட்டுப் பாட்டி சரியாகச் சொல்வார். மைனர் பங்கை விற்றிருந்தால் கோர்ட் அனுமதி வாங்கினார்களா என்று பாருங்கள். வாங்காவிட்டால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம்.

5. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம்

தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா, 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்வது), புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்), நகர்ப்புறமானால் நகர நில அளவைப் பதிவேடு எல்லாம் கிடைக்கும். பட்டா மட்டும் உரிமை ஆகாது. ஆனால் பட்டா பொருந்தாத பத்திரம் தலைவலி.

'அ' பதிவேட்டைத் தவறாமல் பாருங்கள். புறம்போக்கு, அனாதீனம் (உரிமையாளர் இல்லாதது), கோயில் பெயர், ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நில்லுங்கள். பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கியது) என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். ஆதிதிராவிடர் அல்லாதவருக்கு அதை விற்கவே முடியாது. கோயில், வக்பு, அரசு நிலங்களைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் தடை போடுகிறது. திருமணிமுத்தாற்றுக் கரையோரம், ஏரிக்கரையோரம் பார்க்கிறவர்கள் புலப்படத்தில் நீர்நிலை எல்லை எங்கே ஓடுகிறது என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். கட்டடம் நாற்பது வருஷமாக நிற்கிறது என்பது பதிலாகாது.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்வதில், பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்கள் நிறைய. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா சம்பந்தமில்லாத இன்னொருவர் பெயரிலும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகலைக் கேளுங்கள். திருத்தம் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும், மாதக் கணக்கில் இழுக்கும். அந்த வேலை விற்பவருடையது. 'வாங்கின பிறகு மாத்திக்கலாம்' என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

6. ஈ.சி.யில் வராதவை

சேலம் 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்துக்குள் வந்த ஊர். சட்டம் 1999-இல் ரத்தானது. அதற்கு முன் அரசு எடுத்துக்கொண்ட நிலம் அரசுடையதுதான். பெரிய காலி இடம், பழைய ஆலை வளாகம் வாங்கினால் இதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து நில எடுப்பு. சேலம்-சென்னை எட்டுவழிச் சாலை, காமலாபுரம் விமான நிலைய விரிவாக்கம் என்று நம் மாவட்டத்தில் பட்டியல் உண்டு. அந்தப் பக்கங்களில் பார்க்கிறவர்கள் ஆட்சியர் அலுவலகத்தின் நில எடுப்புப் பிரிவில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பதில் தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கோர்ட் வழக்கு: ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயர், அவருடைய அப்பா பெயர், பங்காளிகள் பெயர் போட்டுத் தேடுங்கள். நடப்பிலுள்ள வழக்கின்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். தமிழில் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், நாலையும் போட்டுப் பாருங்கள்.

வங்கிக் கடன்: பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் ஈ.சி.யில் இல்லாவிட்டாலும் செர்சாய் (அடமானக் கடன்களைப் பதியும் மத்தியப் பதிவகம்) தளத்தில் இருக்கலாம். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'தொலைந்துவிட்டது' என்றால் அது எங்கேயோ அடமானத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே விசாரிக்கத் தொடங்குங்கள். விற்பவர் கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதன் மேலுள்ள கடன் பொறுப்புகளையும் பாருங்கள். கூட்டு நிறுவனமானால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். வியாபாரிக்கு வரி பாக்கி இருந்தால் சொத்து மாற்றமே செல்லாமல் போக வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆடிட்டரிடமிருந்து நிலுவையில்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, வாடகைதாரர். வணிகக் கட்டடத்தில் இதை மறந்தால் உரிமை சுத்தமாக இருந்தும் சாவி கையில் வராது. ஒவ்வொரு கடைக்காரரிடமும் நேரில் போய், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார், ஒப்பந்தம் எதுவரை, வாடகை அதிகார அமைப்பில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் சொன்ன தொகையும் கடைக்காரர் சொன்ன தொகையும் ஒன்றாக வந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

7. கட்டட அனுமதியும் நில உபயோகமும்

சுருக்கமாகவே சொல்கிறேன். அனுமதி வரைபடத்தை வாங்கி, கட்டடத்தில் எத்தனை மாடி என்று எண்ணுங்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிக் கடை நடத்துகிறார்களா, மாஸ்டர் பிளானில் அந்த இடம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதை அந்தப் பகுதியின் திட்டக் குழுமத்தில் கேளுங்கள். சொத்துவரி ரசீது இருப்பது அனுமதி இருப்பதாகவோ உரிமை இருப்பதாகவோ ஆகாது. சொத்துவரி, பாதாளச் சாக்கடைக் கட்டணம், மின் கட்டணம் மூன்றின் நிலுவையையும் அந்தந்த எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

8. ஏற்காட்டில் விடுதி, காட்டேஜ் பார்ப்பவர்களுக்கு

என் மச்சான் மலையில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் பார்த்தார். கூட நானும் போனேன். கீழே படித்த பாடம் பாதிதான் அங்கே உதவியது.

ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு அனுமதி வாங்குவது தனிப் பாடு. தோட்டம் சுத்தமாக உங்கள் பெயருக்கு வந்த பிறகும் அதில் ஓர் அறைகூடக் கட்ட முடியாமல் போகலாம். மரம் வெட்டவும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சில்வர் ஓக்கை விற்றே பாதி விலையை எடுத்துவிடலாம் என்று புரோக்கர் சொன்னால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

'அ' பதிவேட்டில் நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்ததா) என்று பாருங்கள். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு ஒதுக்கி ஒப்படை செய்த நிலத்தை வெளியார் வாங்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்படை ஆணையின் நகலை வாங்கி நிபந்தனையைப் படிக்காமல் பேச்சே வேண்டாம். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டதாக இருந்தால் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதியில்லாமல் விற்பனை செல்லாது. பெரிய எஸ்டேட்டிலிருந்து பிரித்துத் தருகிறார்கள் என்றால் அந்த எஸ்டேட்டின் நில உச்சவரம்புக் கோப்பைக் கேளுங்கள். தோட்டம் என்பதால் கிடைத்த விலக்கு, விடுதி கட்டினால் நிற்குமா என்பது பெரிய கேள்வி. காப்புக்காட்டை ஒட்டிய எல்லையை வனத்துறையையும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மச்சான் வாங்கவில்லை. நிபந்தனைப் பட்டா. இருபது கொண்டை ஊசி வளைவும் பேசாமல் இறங்கி வந்தோம்.

9. வக்கீல், செலவு, காலம்

மேலே சொன்னதை எல்லாம் கோப்பாக்கிய பிறகு, சொத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் ஒப்பினியன் (சட்டக் கருத்து) வாங்குங்கள். விற்பவரோ புரோக்கரோ காட்டும் வக்கீல் வேண்டாம். 'முப்பது வருஷம் பார்த்தேன், சரி' என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருபவரும் வேண்டாம். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார், எது இல்லை, எதை வாங்கி வரச் சொல்கிறார் என்று பட்டியல் போடுபவரைத் தேடுங்கள்.

காலம்: ஆன்லைன் ஈ.சி. அன்றைக்கே. பத்திர நகல்கள் ஒரு வாரம். 1975-க்கு முந்தைய தேடலும் தாலுகா அலுவலகமும் மூன்று, நான்கு வாரம். ஒப்பினியன் இரண்டு வாரம். மொத்தம் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க' என்ற அவசரம் எங்களுக்கும் சொல்லப்பட்டது. அந்த வேறு பார்ட்டி இதுவரை வரவில்லை, கட்டடம் இன்னும் அப்படியே நிற்கிறது.

செலவு: தேடலுக்கு ஆகும் தொகை மொத்த விலையில் தூசு. பெரிய செலவு பதிவில்தான். வழிகாட்டி மதிப்பு (அரசு குறித்த விலை), பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவரின் வருமான வரிக்காக) பிடித்து விற்பவர் பான் எண்ணில் கட்டுவது உங்கள் பொறுப்பு. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு என்று சொல்லிப் பாருங்கள், ரொக்கம் கேட்பவர் இறங்கி வருவார்.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். உரிமையில் குறை தெரிந்தால் இத்தனை நாளில் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். என் ஒப்பந்தத்தில் இருந்தது இருபது ரூபாய்ப் பத்திரமும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் மட்டும்தான்.

கிரையம் பதிவாகும் நாளன்று காலையில் மறுபடி ஒரு முறை ஈ.சி. பாருங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு ஏதாவது ஏறியிருக்கலாம். பதிவான அடுத்த வாரம் இன்னொரு முறை எடுத்து, உங்கள் பெயர், எண், பரப்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் விற்றவர் ஊரில் இருக்கும்போதே பிழைத்திருத்தப் பத்திரம் போட்டுவிடுங்கள். பட்டா மாறுதல் வந்ததும் சொத்துவரிக்கும் மின் இணைப்புக்கும் பெயர் மாற்ற மனுக் கொடுத்து, ரசீதுகளைப் பத்திரத்தோடு அதே கோப்பில் வையுங்கள்.